முதலில் ஐம்பது பனங்கொட்டை தேடுங்கள்

கேள்வி:
எனக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு 9 வயது, தரம் 4 படிக்கிறான். மகளுக்கு 5. கணவருக்குக் கடை வேலை, ஞாயிறு மட்டும்தான் வீட்டில் நிற்பார். நானும் அரைநாள் வேலைக்குப் போய் வருகிறேன். ஓகஸ்ட் விடுமுறை தொடங்கி ஒரு கிழமை ஆகிறது, இரண்டு பேரும் போனும் கையுமாகவே இருக்கிறார்கள். மகனோடு படிக்கும் பிள்ளைகள் கொழும்பு, நுவரெலியா என்று போய்ப் படம் போடுகிறார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. யூடியூப் பார்த்து, ஐஸ்கிறீம் குச்சியில் வீடு கட்டுவதற்கு எல்லாச் சாமானும் வாங்கிக் கொடுத்தேன். அரை மணித்தியாலம் செய்தார்கள். பிறகு பசை முழுக்க நிலத்தில். மாமி அதைப் பார்த்துவிட்டு, "எங்கட காலத்திலை ஆர் பிள்ளையளுக்கு விளையாட்டுக் காட்டினது?" என்கிறா. நான் நல்ல அம்மா இல்லையோ என்று இரவில் யோசனை வருகிறது. செலவில்லாமல் இவர்களை வைத்து என்ன செய்யலாம்?
– வாசகி, கோண்டாவில்

பதில்:
மாமி சொன்னதில் பாதி சரி, தங்கச்சி. கோபிக்க வேண்டாம், மற்றப் பாதிக்கும் வருகிறேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒருவரும் விளையாட்டுக் காட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் நடந்த வேலைகளுக்குள் எங்கள் கை எப்போதும் இருந்தது. வேலி அடைக்கும்போது மற்றப் பக்கம் நின்று கயிறு வாங்கிக் கொடுக்க ஒரு பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளை இல்லாவிட்டால் வேலை நடக்காது. அது அந்தப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் மகன் கட்டிய குச்சி வீட்டில் ஒருவரும் குடியிருக்கப் போவதில்லை. 9 வயதுப் பொடியனுக்கு அது விளங்காமல் இருக்குமா? அரை மணித்தியாலம் உங்களுக்காகத்தான் செய்திருப்பான்.

மாமி மறந்த மற்றப் பாதி இதுதான். அப்போது ஒரு வளவுக்குள் பெரியம்மா பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் என்று எட்டுப் பத்துப் பேர் நின்றோம். ஒழுங்கை முழுக்க எங்களுடையது. இப்போது கேற்றைப் பூட்டிவிட்டு இரண்டு பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொண்டு, "சும்மா விடு, தானாக வளரும்" என்றால் அவர்கள் போனைத்தான் எடுப்பார்கள். அது உங்கள் பிழையல்ல.

சுற்றுலாப் போகவில்லை என்ற கவலைக்கு என் கதையைக் கேளுங்கள். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, ஒரு வான் பிடித்து ஒரே நாளில் மாவிட்டபுரம், கீரிமலை, நிலாவரை, கசூரினா கடற்கரை எல்லாம் காட்டிவிடுவது என்று புறப்பட்டோம். விடிய ஐந்து மணிக்கே புளிச்சாதம் கட்டினேன். சின்னவள் இரண்டு முறை சத்தி எடுத்தாள். கசூரினாவுக்குப் போய்ச் சேரும்போது எல்லோருக்கும் எல்லோர் மேலும் கோபம். இப்போது மகனிடம் அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் ஒன்றுதான் சொல்லுவான்: வழியில் ரயர் காத்துப் போனது, சாரதி மாமா அவனைச் சில்லைப் பிடிக்க விட்டார். நாலு இடத்துக்குக் கொடுத்த காசு அந்த ஒரு சில்லுக்குள் போய்விட்டது.

சரி, இந்த விடுமுறைக்கு வருவோம். நீங்கள் நல்ல நேரத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆவணி பிறக்கப் போகிறது, பனம்பழம் விழத் தொடங்கும் காலம். கோண்டாவிலில் உங்கள் வளவில் பனை இல்லாவிட்டாலும், சொந்தக்காரர் யாரோ ஒருவரின் காணியில் நாலு பனை நிற்காமல் இராது. கேட்டுவிட்டு, விடியப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். இரவில் விழுந்தது நிலத்தில் கிடக்கும். வாசமே இடத்தைக் காட்டிக் கொடுக்கும். காற்று வீசும்போது பனைக்கு நேர் கீழே நிற்க விடாதீர்கள், ஒரு பழம் தலையில் விழுந்தால் விளையாட்டல்ல. வடலி (இளம் பனை) பற்றைக்குள் கிடப்பதைக் கையை விட்டு எடுக்கவும் வேண்டாம், தடியால் உருட்டி எடுக்கட்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உரிக்க முன்னம் ஒரு பந்தயம் வையுங்கள். இந்தப் பழத்துக்குள் ஒரு கொட்டையா, இரண்டா, மூன்றா? பழத்தைக் கையில் உருட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். மகளுக்கு எண்ணிக்கை, மகனுக்குக் கணிப்பு. மூன்று கொட்டைப் பழம் கொஞ்சம் முக்கோணமாகத் தட்டுப்படும் என்பதை அவனே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

இனி மாமியின் முறை. பனங்காய்ப் பணியாரம் சுடத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாத யாழ்ப்பாணத்து மாமியை நான் இன்னும் காணவில்லை. பழத்தை நெருப்பில் வாட்டித் தோலை உரித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் களியைப் பிழிந்து எடுக்க வேண்டும். அந்தப் பிழிகிற வேலைதான் பிள்ளைகளுக்கு. முழங்கை வரை செம்மஞ்சளாகும், தும்பு நகத்துக்குள் போகும், சட்டையில் பட்டால் கறை லேசில் போகாது. பழைய சட்டையைப் போட்டுவிட்டு முற்றத்தில் இருத்துங்கள். களியைத் துணியில் வடித்து, சீனி போட்டுக் காய்ச்சி, ஆறியதும் வறுத்த கோதுமை மாவைச் சேர்த்துக் குழைத்துச் சின்னச் சின்னதாகக் கிள்ளி எண்ணெயில் போடுவது பெரியவர்களின் பாடு. மாவின் பதத்தை மாமியிடம் விட்டுவிடுங்கள். நான் அளவு சொல்லி அவ வேறு அளவு சொன்னால் உங்களுக்குத்தான் வில்லங்கம். சுட்ட அன்றைக்கு லேசாகக் கைக்கும், அடுத்த நாள்தான் ருசி. ஆனால் அடுத்த நாள் வரை மிஞ்சுமா என்பது வேறு கதை.

எங்களைப் பனங்கொட்டை சூப்பி என்று கேலி செய்பவர்கள் செய்யட்டும். சூப்பிய கொட்டையை எறிய வேண்டாம், விசயம் அதில்தான் இருக்கிறது.

வீட்டுக் கோடியில் வெயில் படும் இடமாகப் பார்த்து மூன்றடி அகலம், நாலடி நீளத்தில் ஒரு பாத்தி போடுங்கள். எங்கள் செம்மண்ணைக் கொஞ்சம் கிண்டினாலே கல்லுத் தட்டும். அதனால் கீழே தோண்டாமல், மணலும் மண்ணும் கலந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மேலே அணைத்துக் கட்டுங்கள். கொட்டையிலிருந்து வரும் பனங்கிழங்கு கீழ்நோக்கித்தான் இறங்கும். மண் இளக்கமாக இருந்தால்தான் நீளமாக இறங்கும், பிறகு முறியாமல் இழுக்கவும் வரும். மேலே கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மெல்லிசாக மண் தூவி, பழைய ஓலையால் மூடிவிடுங்கள். ஐம்பது கொட்டை போதும். மழை பிடிக்கும் வரைக்கும் பின்னேரத்தில் ஒரு வாளி தண்ணீர். அந்த வாளி மகளின் பொறுப்பு. பாதி அவளுடைய காலில்தான் ஊற்றுப்படும், பரவாயில்லை.

ஒரு மாதம், ஒன்றரை மாதம் போனபின் முளைவிட்ட ஒன்றை எடுத்து அப்பாவைக் கொண்டு பிளந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாகப் பஞ்சு போலப் பூரான் இருக்கும். இனிக்கும். உங்கள் கணவர் அதைக் கடைசியாக எப்போது தின்றார் என்று கேட்டுப் பாருங்கள், அன்று முழுக்கக் கதை கேட்கலாம். மற்றதெல்லாம் தைப்பொங்கலை ஒட்டிக் கிழங்காகிவிடும். அவித்தும் தின்னலாம், அவித்துக் காயவிட்டுப் புழுக்கொடியலாகவும் வைக்கலாம். பச்சையாகப் பிளந்து காயவிட்டால் ஒடியல், கூழுக்கு உதவும். நாலு மாதம் பொறுத்திருந்து ஒரு பொருளை மண்ணிலிருந்து இழுத்து எடுப்பதை எந்தப் போனும் காட்டாது.

பட்டம் கட்டுவதைப் பற்றியும் நினைத்திருப்பீர்கள். அதை இப்போது தொட வேண்டாம். வாடைக்காற்று வரட்டும். மார்கழி விடுமுறையில் கட்டினால், பொங்கலன்று வல்வெட்டித்துறைக்குப் போய்ப் பெரியவர்கள் ஏற்றும் பட்டங்களைப் பார்த்துவிட்டுத் தன்னுடையது ஏன் குத்துகிறது என்று மகனே யோசிப்பான்.

இனி வெளியே போவது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு இடம், அரைநாள் மட்டும். அதிலும் வீட்டிலேயே பாதியைத் தொடங்கிவிட்டுப் போங்கள். நிலாவரைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். சும்மா கூட்டிக்கொண்டு போய் "இதுதான் அடி இல்லாக் கிணறு, இராமர் அம்பு விட்ட இடம்" என்று காட்டினால் ஐந்து நிமிடத்தில் ஐஸ்கிறீம் கேட்பார்கள். முதல்நாள் இரவு ஒரு கண்ணாடிக் கிளாசில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, மூன்று நாலு கரண்டி உப்பைப் போட்டுக் கரையுங்கள். இன்னொரு கிளாஸ் நல்ல தண்ணீரில் பீற்றூட் சாறு கொஞ்சம் விட்டுச் சிவப்பாக்குங்கள். உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் சிவப்புத் தண்ணீரை மெல்ல மெல்ல வழியவிட வேண்டும். அவசரப்பட்டால் கலந்துவிடும், மகன் முதல் இரண்டு தடவையும் கலந்துவிடுவான். மூன்றாம் தடவை சிவப்பு மேலே, உப்புக் கீழே என்று தனித்தனியாக நிற்கும்.

அதுதான் எங்கள் யாழ்ப்பாணம் என்று அப்போது சொல்லுங்கள். மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் எங்களுக்கு ஆறு கிடையாது. பெய்யும் மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கீழே நிற்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நாங்கள் குடிப்பது அந்த மேல் தண்ணீரைத்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறும். நிலாவரையிலும் மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு. அடுத்த நாள் அந்தக் கிணற்றை எட்டிப் பார்க்கும்போது மகனுக்குக் கிளாஸ் நினைவு வரும். வீட்டில் மோட்டரைப் போட்டுவிட்டுத் தாங்கி நிரம்பி வழியும் வரை மறந்துவிடுபவர் யாராவது இருந்தால், அன்றிலிருந்து அவருக்கு ஒரு காவல்காரனும் கிடைப்பான். எங்கள் வீட்டில் அப்படி மறப்பது நான்தான்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு யாழ்ப்பாணக் கோட்டை. வெயில் தாழ, நாலரைக்குப் போங்கள், பத்து மணி வெயிலில் அந்த மதில்மேல் நிற்க முடியாது. போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐந்து மூலையாக மாற்றிக் கட்டியது என்ற வரலாறு மகனுக்கு எப்படியும் பாடத்தில் வரும். நீங்கள் சுவருக்குக் கிட்டப் போய்க் கல்லைத் தடவச் சொல்லுங்கள். அது முருகைக்கல். சின்னச் சின்னப் பூப்போலவும் தேன்கூடு போலவும் அச்சுகள் இருக்கும், எல்லாம் ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்தவை. மெல்லிய தாள் ஒன்றை வைத்துப் பென்சிலைச் சரித்துத் தேய்த்தால் அச்சு தாளில் இறங்கும். கல்லை உடைக்கவோ கீறவோ விட வேண்டாம். பிறகு பண்ணைப் பக்கம் சூரியன் இறங்கும் வரைக்கும் ஒரு பை கச்சான். செலவு அவ்வளவுதான்.

நெடுந்தீவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஆரும் சொல்லுவார்கள். குதிரைகளும் பெருக்கு மரமும் நல்லவைதான். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலம் அளவில் படகு, அதுவும் சோளகக் காற்றில் கடல் குலுக்கும். 5 வயதுப் பிள்ளையோடு இப்போது வேண்டாம், இரண்டு மூன்று வருடம் போகட்டும்.

போனைப் பறிப்பதிலிருந்து தொடங்காதீர்கள், அன்று முழுக்கச் சண்டையில்தான் போகும். மத்தியான வெயிலில் அவர்கள் பார்த்தால் பார்க்கட்டும், நீங்களும் வேலையால் வந்து களைத்துப்போய் இருப்பீர்கள், ஒரு மணித்தியாலம் படுங்கள். நாலு மணிக்குப் பிறகு போனை உயரத்தில் வைத்துவிடுங்கள். பெரியவர்களின் போனும் சேர்த்துத்தான், கணவருக்கும் சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு பின்னேரமும் "அலுப்படிக்குது" என்று காலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அந்த நேரத்தில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுக்க ஓட வேண்டாம். தேங்காய் துருவுங்கள், முருங்கை இலை உருவுங்கள், கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்து இருப்பார்கள்.

விடுமுறை வகுப்பு என்று வாரம் முழுவதையும் நிரப்பவும் வேண்டாம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை அடுத்த வருடம்தானே. தரம் 4 பிள்ளைக்கு ஓகஸ்டில் இரண்டு பின்னேரம் போதும் என்பது என் கருத்து. ரீச்சர்மார் கோபித்தாலும் மாற்றமில்லை.

நல்ல அம்மாவா என்ற கேள்விக்கு நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பசை கொட்டிய நிலத்தைத் துடைத்துவிட்டுத்தான் எனக்கு எழுத இருந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும் செய்யுங்கள். மகனின் பழைய கொப்பி ஒன்றில், கொட்டை தாட்ட திகதியையும் எண்ணிக்கையையும் அவனைக் கொண்டு எழுதுவியுங்கள். தையில் கிழங்கு இழுக்கும்போது எத்தனை முளைத்தது, எத்தனை முறிந்தது என்று அதற்குக் கீழே அவனே எழுதட்டும். ஐம்பதில் நாற்பது வந்தால் எனக்கும் அறிவியுங்கள். அயல் வீட்டுக் கோழி பாத்தியைக் கிளறாமல் மேலே இரண்டு முள்ளுக் கொப்பும் போட்டு வையுங்கள்.