கேள்வி – பதில்: எந்தப் பட்டம் எந்த நாற்காலிக்கு?

பொது நிர்வாகம், உயர்கல்வி நிர்வாகம் தொடர்பான மேற்படிப்புகள் பற்றி டெல்லி வாசகர்கள் கேட்டவற்றுக்கு எங்கள் கல்விப் பகுதிக் குழுவின் பதில்கள்.

மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருக்கிறேன். பி.காம். முடித்தவள். உதவிப் பதிவாளர் ஆக வேண்டும். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. பொது நிர்வாகம் படித்தால் செல்லுமா?
– வாசகி, மயூர் விஹார்

செல்லும். உதவிப் பதிவாளருக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கேட்பது முதுகலையில் 55 சதவீதம். இன்ன பாடம்தான் என்று சொல்லவில்லை. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டத்துக்கும் நேரடிப் பட்டத்துக்கும் வித்தியாசம் கிடையாது. அதனால் பட்டத்தின் பெயரை விடுங்கள், அந்த 55-ஐக் கவனியுங்கள். பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

இக்னோவில் தேர்ச்சிக்கு 40 போதும் என்பதால் வேலைக்குப் போகிறவர்கள் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். மொத்த மதிப்பெண்ணில், வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்கும் அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், பருவத் தேர்வுக்கு 70. தேர்வில் சராசரி 50 வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். அசைன்மென்ட்டில் 60 என்றால் மொத்தம் 53, விண்ணப்பமே போட முடியாது. அதே அசைன்மென்ட்டில் 75 என்றால் 57.5. கடையில் விற்கும் தயார் விடைகளை அப்படியே பார்த்து எழுதுகிறவர்கள் இழப்பது இந்த 15 மதிப்பெண்ணைத்தான். தேர்ச்சி பெற்ற அசைன்மென்ட்டை மதிப்பெண்ணைக் கூட்டுவதற்காகத் திரும்ப எழுதவும் வழியில்லை. அந்தந்தப் பருவத்துக்கான கேள்வித்தாளைத்தான் எழுத வேண்டும், பழையது செல்லாது. கொடுத்ததற்கான ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். மதிப்பெண் பட்டியலில் ஏறாமல் போவது சகஜம், அப்போது கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

படிப்பு முடிந்தபின் 55-க்கு 2 சதவீதத்துக்குள் குறைந்தால், எழுத்துத் தாள்களை மட்டும் மறுபடி எழுதி உயர்த்திக்கொள்ள இக்னோ இடம் தருகிறது. இறுதி மதிப்பெண் பட்டியல் வந்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 52.5-ல் நிற்பவருக்கு இந்தக் கதவும் கிடையாது.

சேருவதற்கு முன் அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிடுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் பணி நியமன விதியில் பதவி உயர்வுக்கு எத்தனை இடம், துறைத் தேர்வு உண்டா என்பதையும் பாருங்கள். அதற்கு மேலே போக இன்னொரு பட்டம் வேண்டாம், சர்வீஸ்தான் பேசும். துணைப் பதிவாளராக, உதவிப் பதிவாளர் பணியில் 5 ஆண்டு நிர்வாக அனுபவம். பதிவாளராக 15 ஆண்டு நிர்வாக அனுபவம், அதில் 8 ஆண்டு துணைப் பதிவாளராகவோ அதற்கு இணையான பதவியிலோ. பேராசிரியர்கள் வருவதற்குத் தனி வழி இருக்கிறது. பதிவாளர் நாற்காலிக்கு அவர்களும் உங்களோடு போட்டியிடுவார்கள்.

கல்லூரியில் உதவிப் பேராசிரியர். வருங்காலத்தில் முதல்வர் ஆவதற்கு ‘கல்வித் தலைமைத்துவ’ டிப்ளமோ படிக்கலாமா? கட்டணம் லட்சத்தைத் தாண்டுகிறது.
– வாசகர், ஆர்.கே.புரம்

முதல்வர் பதவிக்காக என்றால் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். யு.ஜி.சி.யின் 2018 விதிகள் கேட்பவை: பிஎச்.டி., இணைப் பேராசிரியர் அல்லது பேராசிரியர் நிலை, 15 ஆண்டு கற்பித்தல் அல்லது ஆராய்ச்சி அனுபவம், தரமான ஆய்விதழ்களில் குறைந்தது 10 கட்டுரைகள், ஆய்வு வெளியீடுகள் போன்றவற்றுக்குக் கணக்கிடும் ஆராய்ச்சி மதிப்பெண் குறைந்தது 110. இந்தப் பட்டியலில் டிப்ளமோ எங்கேயும் இல்லை. பதவிக்காலம் 5 ஆண்டு; மதிப்பீட்டுக்குப் பின் இன்னொரு முறை நீட்டிக்கலாம்.

பிஎச்.டி. இன்னும் முடிக்கவில்லை என்றால், ஸ்ரீ அரவிந்தர் மார்க்கில் இருக்கும் நீபா என்கிற தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனத்தை முதலில் பாருங்கள். உயர்கல்விக் கொள்கை ஆராய்ச்சிக்கென்றே அங்கு ஒரு மையம் இருக்கிறது. பகுதி நேர ஆய்வுக்குக் கல்லூரியின் தடையில்லாச் சான்று அவசியம். யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிகளின்படி ஆய்வுக்குக் குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் மேலும் 2. எம்.ஃபில். இப்போது இல்லை, யாராவது விளம்பரம் செய்தால் ஒதுங்கிவிடுங்கள். தொலைநிலையில் பிஎச்.டி. என்பதும் அப்படித்தான்.

தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைநிலை எம்.ஏ.வுக்கு இங்கேயே மையம் இருக்கிறது, தேர்வும் இங்கேயே எழுதலாம் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, முனிர்கா

வேண்டாம். மாநிலப் பல்கலைக்கழகம் தொலைநிலைப் படிப்புக்குத் தன் மாநில எல்லைக்கு வெளியே மையம் வைக்கக் கூடாது. ஆன்லைன் முறைக்கு அந்த எல்லை இல்லை. ஆனால் இரண்டும் வேறு வேறு அனுமதி. ஒன்றைக் காட்டி மற்றொன்றில் சேர்ப்பதுதான் இந்த வியாபாரத்தின் தந்திரமே. யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பல்கலைக்கழகப் பெயர், பாடம், முறை, கல்வியாண்டு நான்கும் உங்கள் சேர்க்கையோடு ஒத்துப்போக வேண்டும். போன வருட அனுமதி இந்த வருடத்துக்கு உதவாது. சேருவதற்கு, அந்தப் பிரிவு மாணவருக்குத் தரும் ‘டெப் ஐடி’ எண்ணும் கட்டாயம். அதை நீங்களே அந்தத் தளத்தில் உருவாக்க வேண்டும், ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள்.

சிவில் சர்வீஸ் தேர்வில் பொது நிர்வாகத்தை விருப்பப் பாடமாக எடுக்க எம்.ஏ. தேவையா?
– வாசகர், ராஜிந்தர் நகர்

தேவையில்லை, எந்தப் பட்டதாரியும் எடுக்கலாம். இரண்டு தாள், 500 மதிப்பெண். ஆனால் தேர்வு கைகூடாவிட்டால் ஆசிரியப் பணிக்குப் போக எம்.ஏ. உதவும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் இது தனிப் பாடம், குறியீடு 14. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான்.

டெல்லி பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். கூடவே இக்னோவில் பொது நிர்வாகமும் சேரலாமா?
– வாசகி, ஜனக்புரி

2022 முதல் யு.ஜி.சி. அனுமதிக்கிறது, பிஎச்.டி.க்கு மட்டும் இது பொருந்தாது. உங்கள் பல்கலைக்கழகம் இதற்கு ஏதும் நிபந்தனை வைத்திருக்கிறதா என்று துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சிக்கல் தேர்வுத் தேதிகளில் வரும். டிசம்பர் மாதத்தில் இரண்டும் மோதலாம். இரண்டாண்டுப் படிப்பை முடிக்க இக்னோ 4 ஆண்டு தருவதால், மோதுகிற தாளை அடுத்த பருவத்துக்குத் தள்ளுங்கள். அசைன்மென்ட்டை மட்டும் தள்ளாதீர்கள்.