பழைய கெர்னல்: மாற்றலாமா, விடலாமா? (கேள்வி-பதில்)

கேள்வி: எங்கள் போர்டில் பழைய லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடுகிறது. மாற்றியே ஆக வேண்டுமா?

பதில்: எந்த சிப், எந்தப் பதிப்பு, வெளியுலகத்தோடு எப்படி இணைந்திருக்கிறது? மூன்றில் ஒன்றுகூடக் கடிதத்தில் இல்லை. 2.6.32-உம் பழசுதான், 5.4-உம் பழசுதான். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: 3.10-இல் ஓடும் அளவீட்டுக் கருவி. நெட்வொர்க் கிடையாது. ஏழெட்டு வருடமாக ஒரு தொல்லையும் இல்லை.

பதில்: அப்படியே விடுங்கள். ஆனால் சர்வீஸுக்கு வருபவர் பென்டிரைவ் செருகுகிறாரா, லேப்டாப்பை மாட்டுகிறாரா என்று பாருங்கள். ஆம் என்றால் அது தனியாக நிற்கும் கருவி அல்ல. அப்போதும் முதல் வேலை, தேவையில்லாத டிரைவர்களையும் ஃபைல் சிஸ்டங்களையும் கான்ஃபிகில் எடுத்துவிட்டு பில்டு செய்வது. புது இமேஜைப் போடுமுன் திரும்பி வர வழி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 4.4.302-லிருந்து 4.19-க்குப் போகிறோம். சின்னத் தாவல்தானே?

பதில்: 4.19-க்கான எல்டிஎஸ் (நீண்ட கால) ஆதரவு 2024 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. டிரைவர்களைத் திருத்துவது, டிவைஸ் ட்ரீயை (போர்டில் என்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) சரிபார்ப்பது, முழுச் சோதனை எல்லாம் 4.19-க்கும் உண்டு, 6.12-க்கும் உண்டு. அந்த உழைப்பை முடிந்துபோன கிளையில் ஏன் கொட்ட வேண்டும்? நேராக 6.12-க்குப் போங்கள். நீண்ட காலம் களத்தில் இருக்க வேண்டிய பொருள் என்றால் சிஐபி (சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம்) திட்டத்தின் கெர்னல் கிளைகளைப் பாருங்கள், சுமார் 10 வருடம் பராமரிக்கிறார்கள். 4.4-உம் அதில் உண்டு, ஆனால் அதன் கெடு நெருங்கிவிட்டது.

கேள்வி: எங்கள் 4.9-இல் டர்ட்டி பைப் என்ற பாதுகாப்பு ஓட்டை உண்டா?

பதில்: இல்லை. அது 5.8-இலிருந்துதான் பயன்படுத்தக்கூடிய ஓட்டை ஆனது. பழசு என்றாலே எல்லா ஓட்டையும் இருக்கும் என்பதில்லை. அதற்காக நிம்மதியாகத் தூங்கவும் முடியாது: டர்ட்டி கவ் என்ற இன்னொரு ஓட்டை 2007-இல் 2.6.22-லேயே நுழைந்து 2016 வரை கிடந்தது. 4.9-க்கு ஆதரவு 2023 ஜனவரியோடு நின்றது. அதற்குப் பின் வெளிவந்தவற்றை நீங்களேதான் ஒட்ட வேண்டும்.

கேள்வி: போர்டு விற்ற நிறுவனம் 4.9 மட்டும்தான் தருகிறது. வைஃபை டிரைவர் வெறும் பைனரி மாட்யூல், சோர்ஸ் இல்லை. அதை எப்படியாவது 6.6-இல் ஏற்ற முடியுமா?

பதில்: முடியாது. மாட்யூலில் பதிந்திருக்கும் பதிப்பு முத்திரையான வெர்மேஜிக் பொருந்தாமல் கெர்னலே மறுத்துவிடும். வலுக்கட்டாயமாக ஏற்றினால் ஸ்ட்ரக்சருக்குள் ஃபீல்டுகள் இடம் மாறியிருக்கும், டிரைவர் யாருடைய மெமரியிலோ போய் எழுதும். யூசர் ஸ்பேஸை (கெர்னலின் மேல் ஓடும் நிரல்களை) உடைக்க மாட்டோம் என்பதுதான் கெர்னல்காரர்கள் தரும் வாக்கு. கெர்னலுக்குள் டிரைவர்கள் பேசும் ஏபிஐக்கு அந்த வாக்கு கிடையாது.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. நானும் ஒருமுறை இப்படி மாட்டினேன். விற்றவர்கள் கொடுத்தது ஒரே ஒரு டார்பால் (சோர்ஸ் பொதி), எந்த மாற்றத்தை யார் ஏன் செய்தார் என்று காட்டும் கிட் வரலாறு கிடையாது. அதே பதிப்பின் மெயின்லைனோடு (பொதுவில் வெளியாகும் மூலக் கெர்னல்) டிஃப் எடுத்தால் லட்சம் வரிக்கு மேல். எது சிப்புக்கான திருத்தம், எது எவரோ அவசரத்தில் போட்ட ஒட்டு என்று பிரிக்கவே மூன்று மாதம் ஓடியது. கடைசியில் பார்த்தால், எங்களுக்கு வேண்டிய டிரைவர்கள் எல்லாம் மெயின்லைனில் ஏற்கெனவே இருந்தன. நாங்கள் எழுத வேண்டியிருந்தது சில நூறு வரி டிவைஸ் ட்ரீ மட்டும்தான். அந்த மூன்று மாதத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே, உங்கள் சிப்பின் டிவைஸ் ட்ரீ மெயின்லைனில் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். இருந்தால் வைஃபை வன்பொருளை மட்டும் மாற்றுவது மலிவு. கெர்னல் ஜிபிஎல் 2 உரிமத்தில் வருகிறது, உங்களுக்கு விற்ற கெர்னலின் சோர்ஸை எழுத்தில் கேட்டு வாங்க உரிமை உண்டு. அடுத்த போர்டை வாங்குமுன் பார்க்க வேண்டியதும் மெயின்லைனைத்தான், விலைப்பட்டியலை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: 32-பிட் சிப். 2038-இல் 32-பிட் நேரக் கணக்கு நிரம்பிவிடுமாமே, அதற்காக இப்போதே மாற்ற வேண்டுமா?

பதில்: பொருள் அதுவரை களத்தில் இருக்குமென்றால், ஆம். கெர்னல் 5.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் போதாது. சி நூலகமும் மசல் 1.2 அல்லது ஜிலிப்சி 2.34, இல்லையேல் அவற்றுக்குப் பின் வந்ததாக வேண்டும், ஜிலிப்சியில் 64-பிட் நேரத்தைக் கேட்டு பில்டு செய்ய வேண்டும். உங்கள் சொந்த ஃபைல்களில் 4 பைட்டில் நேரம் எழுதிவைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கேள்வி: ஒமாப் சிப் போர்டில் புதுக் கெர்னல் போட்டேன். சீரியலில் ‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ என்று வந்து நின்றுவிட்டது. போர்டு செத்துவிட்டதா? பழைய இமேஜை அழித்துவிட்டேன்.

பதில்: அழித்திருக்கக் கூடாது. பழையதும் புதியதும் வைக்க இரண்டு ஸ்லாட், கெர்னலை ஏற்றும் யூ-பூட்டில் தோற்றால் பழையதற்குத் திரும்ப பூட் லிமிட், மேலே தொங்கினால் ரீசெட் செய்ய வாட்ச்டாக். திரும்பி வர வழி இல்லாமல் ஃபிளாஷில் கை வைக்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? சரி, போர்டு அநேகமாக உயிரோடுதான் இருக்கிறது. ஒமாப்பில் சீரியல் டிரைவர் மாறியதால் டிடிஒய்-ஓ என்ற பெயர் டிடிஒய்-எஸ் ஆகிவிட்டது. யூ-பூட்டில் நிறுத்தி, கமாண்ட் லைனில் கன்சோல் பெயரை மாற்றிப் பாருங்கள். ரூட் பார்ட்டிஷனையும் எம்எம்சி எண்ணை நம்பாமல் பார்ட்-யூயூஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) வைத்தே எழுதுங்கள், புதுக் கெர்னலில் அந்த எண்ணும் மாறலாம்.