கோரஸ் வரிசையின் கடைசிப் பெண்

1920களை ஒட்டிய ஜாஸ் காலத்தில் அமெரிக்க மேடைகளில் ஆடிய கறுப்பினப் பெண்களால் அழகைப் பற்றிய பார்வை மாறியதா, இல்லை ஏற்கெனவே இருந்த பார்வைக்கு ஏற்றபடிதான் அவர்கள் ஆடினார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் நடந்தது. ஆனால் மாற்றம் எங்கே தொடங்கியது என்றால், மேடையில் ஒன்றாக ஆடும் கோரஸ் வரிசையின் நடுவில் நின்ற அழகிகளை நான் காட்ட மாட்டேன். ஓரத்தில், கடைசியாக நின்ற பெண்ணைத்தான் காட்டுவேன்.

ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனின் இசையை வருடக்கணக்கில் கேட்டு வந்தவள் நான். 1927 முதல் 1931 வரை அவர் குழு வாசித்தது நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நிறைய வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் இருந்த காட்டன் கிளப் என்ற கேளிக்கை விடுதியில். அங்கிருந்து வானொலியில் ஒலிபரப்பானதால்தான் நாடு முழுக்க அவர் பெயர் பரவியது. கேட்டவர்களுக்கு இசை கிடைத்தது. அதே இசைக்கு முன்னால் ஆடிய பெண்கள் அவர்கள் கண்ணில் படவே இல்லை. அந்தப் பெண்கள் யார் என்று தேடத் தொடங்கித்தான் இந்த விஷயத்துக்குள் வந்தேன்.

காட்டன் கிளப்பின் உரிமையாளர் ஓனி மேடன், வெள்ளையர், பெரிய ரவுடி. 1923இல் சிறையில் இருந்தபடியே அந்த இடத்தைக் கைக்குள் கொண்டுவந்தார். மேடையில் ஆடுபவர்கள், வாசிப்பவர்கள், சாப்பாடு பரிமாறுபவர்கள் எல்லோரும் கறுப்பர்கள். மேசைகளில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் வெள்ளையர்கள். ஆடும் பெண்களுக்கு என்று விதிகள் உண்டு: உயரம் குறைந்தது 5 அடி 6 அங்குலம், வயது 21க்குள், நிறம் வெளுப்பாக இருக்க வேண்டும். உயரமும் இளம் மாநிறமும் கொண்ட அழகிகள் என்றுதான் விளம்பரமே செய்தார்கள். பார்ப்பவருக்கு அந்நியமாகவும் தெரிய வேண்டும், ரொம்ப அந்நியமாகவும் இருக்கக் கூடாது. அந்தக் கணக்குக்குப் பொருந்திய பெண்ணுக்குத்தான் வேலை. 1933இல் 16 வயதில், பின்னாளில் பாடகியாகப் புகழ்பெற்ற லேனா ஹார்ன் அங்கே சேர்ந்ததும் இந்தக் கணக்கில்தான். அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அதே திறமையும் கருத்த நிறமும் கொண்ட ஒரு பெண் அந்த வாசலைத் தாண்டியிருக்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

இதை வெள்ளையர்களின் குற்றம் என்று மட்டும் சொல்லி விட்டுவிடவும் முடியாது. கறுப்பின மக்களுக்காக நடந்த பத்திரிகைகளிலேயே தோலை வெளுக்க வைக்கும் கிரீம் விளம்பரங்கள் நிறைய வந்தன. கறுப்பர்களே நடத்திய மேடை நிகழ்ச்சிகளும் வெளுத்த பெண்களைத்தான் முதலில் தேடின.

ஐடா ஃபோர்சைனின் கதை தெரிந்தால் இது புரியும். 1883இல் சிகாகோவில் பிறந்தவர், கருத்த நிறம், சிறிய உருவம். ஐரோப்பாவில் பல ஆண்டுகள் ஆடினார், ரஷ்யா வரை போனார், உட்கார்ந்த நிலையில் காலை மாற்றி மாற்றி வீசும் ரஷ்ய ஆட்டத்தில் தேர்ந்தார். முதல் உலகப் போர் நெருங்கும் நேரத்தில் அமெரிக்கா திரும்பினார். அங்கே அவருக்கு வேலை இல்லை. 1920களின் தொடக்கத்தில் சோஃபி டக்கர் என்ற வெள்ளைப் பாடகியிடம் பணிப்பெண்ணாகச் சேர்ந்து, அவர் நிகழ்ச்சியின் முடிவில் மட்டும் கொஞ்சம் ஆடினார். ஜாஸ் காலம் என்று நாம் கொண்டாடும் அதே வருடங்களில், ஐரோப்பா கைதட்டிய ஒரு கலைஞர் அடுத்தவரின் உடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சரி, கடைசிப் பெண்ணுக்கு வருகிறேன். கோரஸ் வரிசையில் எல்லோரும் ஒரே மாதிரி காலை வீசி ஆடும்போது, ஓரத்தில் ஒருத்தி மட்டும் தப்புத் தப்பாக ஆடுவாள். தாளத்தை விடுவாள், கால் பின்னிக்கொள்ளும், சபை சிரிக்கும். ஆட்டம் முடியும் நேரத்தில் அவளே மற்ற எல்லோரையும்விடச் சிக்கலான அடவுகளைப் போட்டு அசத்துவாள். அது கோமாளி இடம். அழகிகளுக்கான அளவுகோல் அங்கே கிடையாது, அதனால் அந்த ஓரத்தில் கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

அந்தக் கதவு வழியாகத்தான் ஜோசஃபின் பேக்கர் உள்ளே வந்தார். 1906இல் செயின்ட் லூயிஸில் ஏழ்மையில் பிறந்தவர். 1921இல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் பெரும் வெற்றி பெற்ற ‘ஷஃபிள் அலாங்’ நிகழ்ச்சியில் வாய்ப்புக் கேட்டார். சின்னப் பெண், ஒல்லி, நிறமும் கருப்பு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு ஊர் ஊராகப் போன குழுவில் மற்றவர்களுக்கு உடை மாட்டிவிடும் வேலையில் சேர்ந்தார். திரைக்குப் பின்னால் நின்றே எல்லா ஆட்டங்களையும் கற்றுக்கொண்டு, ஒருத்தி வராதபோது அந்த இடத்தில் ஏறினார். கண்ணை ஒன்றரைக் கண்ணாக்கி, முழங்காலைத் தொளதொளவென்று விட்டு ஆட, சபை அவரை மட்டுமே பார்த்தது. 1924இல் ‘சாக்லேட் டாண்டீஸ்’ நிகழ்ச்சியில் அவருக்கு வாரம் 125 டாலர். கோரஸில் ஆடும் பெண்ணுக்கு அது பெரிய சம்பளம்.

1925 அக்டோபரில் பாரிஸில் ஆடினார். ஒரே இரவில் நகரமே அவர் பெயரைச் சொன்னது. அப்புறம் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். பாரிஸ் பெண்கள் அவரைப் போல முடியை வெட்டி மண்டையோடு ஒட்டப் படிய வாரினார்கள். அதற்காகவே ‘பேக்கர்ஃபிக்ஸ்’ என்று ஒரு தைலம் விற்றது. வெயிலில் தோலைக் கருக்கிக்கொள்வது அந்த வருடங்களில் ஐரோப்பாவில் நாகரிகமானதற்கு உடை வடிவமைப்பாளர் கோகோ ஷனெலோடு சேர்த்து அவர் பெயரையும் சொல்வார்கள். அதே சமயம் பேக்கர் தன் தோலை வெளுக்க வைக்க எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஊரே அவர் நிறத்துக்கு ஆசைப்பட்டபோது அவருக்குச் சின்ன வயதில் ஊட்டப்பட்டது போகவில்லை. பாரிஸ் ரசித்ததிலும் பிசகு உண்டு: வாழைப்பழப் பாவாடை கட்டிய காட்டுப் பெண்ணாகத்தான் அவரைப் பார்க்க விரும்பினார்கள். அந்த வேடத்துக்குள்ளிருந்துகொண்டே அவர் கண்ணை உருட்டிச் சிரித்ததில், பார்ப்பவரைத் திருப்பிப் பார்க்கும் ஒரு தைரியம் இருக்கிறது. என்னைக் கட்டிப்போடுவது அதுதான்.

அந்தப் புகழ் கடலைத் தாண்டவில்லை. 1936இல் நியூயார்க்கில் பெரிய மேடையில் ஆடியபோது விமர்சகர்கள் குதறினார்கள். அடுத்த வருடம் அவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுவிட்டார்.

காட்டன் கிளப்பிலும் 1932இல் ஒரு விரிசல் விழுந்தது. லூசில் வில்சன் என்ற கருத்த பெண்ணைச் சேர்த்தார்கள். அந்த வரிசையில் அந்த நிறத்தில் முதல் ஆள் அவர்தான் என்பார்கள். பின்னாளில் ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கை மணந்தவர். ஒருவரைச் சேர்த்ததால் விதி போய்விடவில்லை.

என் பார்வையில் அளவுகோல் உண்மையாகவே மாறிய இடம் காட்டன் கிளப் இருந்த அதே லெனாக்ஸ் அவென்யூ சாலையில், 1926இல் திறந்த சவாய் நடன அரங்கம். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே ஆடலாம். அங்கே மேடையில் வரிசை கட்டி நிற்க ஆள் எடுக்கவில்லை, காசு கொடுத்து வந்தவர்களே ஆடினார்கள். உன் நிறம் என்ன, உயரம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஆடத் தெரியுமா என்பதுதான் கேள்வி. அங்கே வளர்ந்தவர் நார்மா மில்லர். பக்கத்துக் கட்டடத்தில் சிறுமியாக இருந்தபோதே உள்ளே நடப்பதைக் கேட்டும் பார்த்தும் லிண்டி ஹாப் என்ற ஜோடி ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டவர். துணையை தலைக்கு மேலே தூக்கி வீசும் அந்த ஆட்டத்துக்குத் தொடை வலு வேண்டும், உடம்பைக் காற்றில் விட்டுவிடும் துணிச்சல் வேண்டும். ஒயிலாக நிற்கும் உடம்பை வைத்துக்கொண்டு அதை ஆட முடியாது.

அவர் 2019இல், 99 வயதில் இறந்தார். 1941இல் வந்த ‘ஹெல்ஸாபாப்பின்’ படத்தில் அவர் குழு ஆடும் காட்சி இணையத்தில் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். ஹாலிவுட் அவர்களுக்கு வேலைக்காரர் உடைதான் மாட்டிவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் ஆடும் வேகத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முதல் முறை காலைப் பாருங்கள், இரண்டாவது முறை பெண்களின் முகத்தைப் பாருங்கள்.