கேம்பர் வேன்: பட்டறையில் கொடுப்பதா, நாமே செய்வதா?

கேள்வி: பழைய சரக்கு வேன் ஒன்று வாங்கியிருக்கிறோம். அதில் படுக்கை, சமையல் மேடை, கொஞ்சம் மின்வசதி எல்லாம் வைத்து நானும் கணவரும் நீண்ட பயணம் போக ஆசை. கேம்பர் வேன் செய்யும் பட்டறையில் விசாரித்தால், வேன் வாங்கிய விலையைவிட அதிகம் கேட்கிறார்கள். ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டுமாம். "யூடியூப் பார்த்து நாமே செய்துவிடலாம்" என்கிறார் கணவர். அவருக்கு மரவேலை நன்றாக வரும், மின்வேலை தெரியாது. எது நல்லது?

பதில்: மரவேலை வரும், மின்வேலை வராது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பாதிப் பதில் அதிலேயே வந்துவிட்டது.

முழு வேனையும் ஒரே வேலையாக நினைப்பதால்தான் குழப்பம். ஒவ்வொரு வேலையாகப் பிரித்து, "இது சொதப்பினால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். அலமாரிக் கதவு கோணலாகப் போனால் வருகிறவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். கழற்றி மறுபடி மாட்டிக்கொள்ளலாம். வயரிங் சொதப்பினால் வண்டியே எரியும். கேஸ் கசிந்தால் ஒரு தீப்பொறி போதும். முதல் வகையை உங்கள் கணவர் தாராளமாகச் செய்யட்டும். இரண்டாம் வகைக்கு ஆள் வையுங்கள். பட்டறைகளில் பலவும் மின்வேலை, கேஸ் இணைப்பு மட்டும் தனியாகச் செய்து தருவார்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

"வேன் பேட்டரி 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே" என்று பலர் துணிந்து இறங்குகிறார்கள். ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் ஏறும். 2,000 வாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் ஓடும்போது பேட்டரியிலிருந்து 160 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு வயரைப் போட்டால் அடுப்புக் கம்பி போலச் சூடாகிவிடும். ஃபியூஸ் இருப்பது ஃபிரிட்ஜையோ விளக்கையோ காப்பாற்ற மட்டுமல்ல, முக்கியமாக வயரைக் காப்பாற்ற. அதனால் அது பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும்.

வயர் முனையில் லக் (வயரை இணைக்க உதவும் உலோகக் கொண்டி) மாட்டும் வேலையும் லேசானதல்ல. குறடால் நசுக்கினாலும் பார்க்க ஒழுங்காகத்தான் தெரியும். கையால் பலமாக இழுத்துப் பாருங்கள், சில சமயம் வயர் அப்படியே உருவிக்கொண்டு வரும். வராவிட்டாலும், ஓடுகிற வண்டியின் அதிர்வில் சில மாதங்களில் தளரும். தளர்ந்த இணைப்பு சூடாகும், மேலுறை பழுப்பேறும், பிறகு உருகும். இவ்வளவும் பலகைக்குப் பின்னால் நடக்கும், உங்கள் கண்ணில் படாது.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். கூரை ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோமே என்பது பிரயோஜனப்படாது. சிலிண்டர் பெட்டி உள்பக்கம் முழுக்க அடைபட்டு, அடியில் மட்டும் வெளியே போகும் துளையோடு இருக்க வேண்டும். அடுப்பு சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற மணமில்லாத விஷவாயு வரும்; யார் செய்தாலும் அதற்கான அலாரம் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். கேஸே வேண்டாம், இண்டக்‌ஷன் அடுப்பு போதும் என்று நினைத்தால் ஒரு கணக்கு: 2,000 வாட்டில் அரை மணி நேரம் சமைத்தால் 1,000 வாட்-மணி போய்விடும். 12 வோல்ட் (சரியாகச் சொன்னால் 12.8), 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று முழுதாகத் தருவதே சுமார் 1,280 வாட்-மணிதான். ஒரு வேளைச் சமையலுக்கே பேட்டரி அழும்.

பின்னால் கூடுதல் சீட் வைக்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். மோதலின்போது சீட் பெல்ட் பிடிமானத்தில் ஆளின் எடையைப் போலப் பல மடங்கு இழுவை விழும். சோதனை செய்து சான்று பெற்ற சீட்டை, தெரிந்தவர்தான் பொருத்த வேண்டும். நீங்கள் இருவர்தான் போகிறீர்கள், முன்சீட்டுகள் போதும். பெரிய செலவு ஒன்று மிச்சம்.

எந்த முடிவுக்கும் முன்னால் வேனை எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் காலி வேனின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் கையிருப்பு. நீங்கள் இருவர், துணிமணி, தண்ணீர், படுக்கை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீர் என்றாலே 100 கிலோ. 12 மி.மீ. பர்ச் பிளைவுட் சதுர மீட்டருக்கு 8 கிலோ வரும், பாப்லர் பிளைவுட் 5, 6 கிலோவோடு நிற்கும். மரவேலை தெரிந்தவர்கள் உறுதிக்காகக் கனமான பலகையைத் தேடுவார்கள். வீட்டு அலமாரிக்கு அது நல்ல பழக்கம், வேனுக்கு ஆகாது.

கேள்வி: முழுசாகப் பட்டறையிலேயே கொடுப்பதானால் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: ஷோரூமில் பளபளவென்று நிற்கும் புது வேனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவர்கள் செய்து இரண்டு மூன்று வருடம் ஓடிய வேன் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். இழுப்பறை தானாகத் திறக்கிறதா, கூரை ஜன்னலைச் சுற்றி நீர்க்கறை இருக்கிறதா என்று பாருங்கள். அதன் சொந்தக்காரரிடம் தனியாக இரண்டு நிமிடம் பேசுங்கள்.

கொட்டேஷனில் "தரமான பேட்டரி" என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். என்ன வகை, எத்தனை ஆம்பியர்-மணி, யாருடைய தயாரிப்பு என்று இருக்க வேண்டும். வயரிங் வரைபடம், பலகை அடிக்கும் முன் எடுத்த படங்கள், வேலை முடிந்த பிறகு எடை மேடைச் சீட்டு, இந்த மூன்றும் தருவதாக எழுத்தில் வாங்குங்கள். பின்னால் எங்காவது பழுதானால் எந்த மெக்கானிக்குக்கும் வழிகாட்டுவது அந்தப் படங்கள்தான்.

பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். வேலை முடிய முடியக் கொடுங்கள், கடைசித் தவணை கையில் கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும். வேனின் பதிவு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். பட்டறை நொடித்துப் போனால் வண்டியையாவது மீட்கலாம்.

கேள்வி: நாங்களே செய்வதானால் முதலில் எதில் கை வைப்பது?

பதில்: எதிலும் கை வைக்காதீர்கள். காலி வேனில் மெத்தையைப் போட்டு நாலைந்து இரவு தூங்குங்கள். படுக்கை, அடுப்பு, கதவு எங்கே வரும் என்று தரையில் டேப் ஒட்டி, அந்தக் கோட்டுக்குள்ளேயே இருவரும் நடமாடிப் பாருங்கள். பேப்பரில் போட்ட திட்டம் முதல் காலையிலேயே மாறிவிடும்.

விடியும்போது தகரத்தின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கவும் மறக்காதீர்கள். இரண்டு பேர் ஓரிரவு மூச்சு விட்டாலே அரை லிட்டர் அளவுக்கு ஈரம் சேரும். கூரையில் ஃபேன் வைப்பது வசதிக்காக மட்டுமல்ல என்று அப்போது தெரியும்.

பிறகு துரு நீக்குவது, கூரைத் துளை வெட்டுவது, வெப்பக் காப்பு, வயரிங், கடைசியாக மரவேலை. இந்த வரிசை மாறினால் அடித்த பலகையைக் கழற்ற வேண்டிவரும். வெட்டிய தகர விளிம்பில் துருத்தடுப்புப் பெயிண்ட் அடித்த பிறகே சீலன்ட் போடுங்கள். தரையில் ஸ்க்ரூ போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து ஒருமுறை பாருங்கள். பெட்ரோல் அல்லது டீசல் டேங்கும் பிரேக் குழாயும் அங்கேதான் போகின்றன.

கேள்வி: இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமா?

பதில்: வேலை தொடங்கும் முன்பே, எழுத்தில் சொல்லுங்கள். சரக்கு வேன் என்று பாலிசி இருக்கும்போது உள்ளே அடுப்பும் படுக்கையும் இருந்தால், விபத்துக்குப் பிறகு கிளெய்ம் இழுபறியாகும். பதிவை மாற்ற வேண்டுமா, யார் கையெழுத்திட்ட மின், கேஸ் சான்று வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அதை இப்போதே கேட்டுவிட்டால், எந்த வேலையை யாரிடம் விடுவது என்ற கேள்வியில் சிலவற்றைச் சட்டமே முடிவு செய்துவிடும்.