பின்சீட்டில் மது வாடை: டிரைவர் மாட்டிக்கொள்வாரா?

கேள்வி: நான் சென்னையில் ஆக்டிங் டிரைவர். விருந்து முடிந்து திரும்புகிறவர்களை அவர்கள் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விடுவேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஓடும் காருக்குள் லேசரைப் பாய்ச்சியே மதுவைக் கண்டுபிடிக்கிறார்களாமே? பின்சீட்டில் இருப்பவர் குடித்திருந்தால் பழி என் மேல் விழுமா?

பதில்: அந்தக் கருவி உங்கள் காரை நிறுத்தச் சொல்லலாம். குடித்தது நீங்கள்தான் என்று அதனால் சொல்ல முடியாது.

போலந்தில் வார்சா ராணுவத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இது. சாலையின் ஒரு பக்கம் லேசர், எதிர்ப்பக்கம் ஒரு பிரதிபலிப்பான். கதிர் காரின் ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வெளியேறி, பிரதிபலிப்பானில் பட்டு வந்த வழியே திரும்பும். 3.39 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை எத்தனால் (மதுவில் இருக்கும் ஆல்கஹால்) ஆவி உறிஞ்சிக்கொள்ளும். திரும்பி வரும் ஒளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதுதான் கணக்கு.

சிக்கலும் இங்கேதான். கதிர் அளப்பது காருக்குள் இருக்கும் காற்றை. அதில் உங்கள் மூச்சும் பயணியின் மூச்சும் கலந்தே இருக்கும்; கைகளில் தடவும் பல சானிடைசர்களின் ஆவியும் எத்தனால்தான். வாடை போகட்டும் என்று ஜன்னலை இறக்கினால், அதையும் கவனித்துப் போலீஸாருக்குத் தெரிவிக்க முடியும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எந்தக் காரை நிறுத்திச் சோதிப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான் இந்தக் கருவி என்பதை அவர்களே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நம் ஊரில் உங்களுக்கு முக்கியம் ஊதிப் பார்க்கும் சோதனைதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவுப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்ந்தோ கிடைக்கலாம். ஊதும் சோதனை உங்கள் நுரையீரலிலிருந்து வரும் மூச்சை மட்டும் அளக்கிறது. பின்சீட்டுக்காரர் எவ்வளவு குடித்திருந்தாலும் உங்களுக்குக் கவலையில்லை. ஊத மட்டும் மறுக்காதீர்கள். மறுப்பவர் குடித்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால், பிடியாணை இல்லாமலே கைது செய்ய 203-ஆம் பிரிவு இடம் தருகிறது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் திரவம், சில இருமல் மருந்துகள் ஆகியவற்றின் ஈரம் வாயில் தங்கியிருந்தால் ஊதும் கருவி தவறான அளவைக் காட்டும். பதினைந்து நிமிடத்தில் அது அடங்கிவிடும். அப்படி எண் ஏறிவிட்டால் பதறாமல், என்ன உபயோகித்தீர்கள் என்பதைச் சொல்லி, கால் மணி நேரம் கழித்துப் புதிய ஊதுகுழாயில் மறுபடி சோதிக்கக் கேளுங்கள். அப்போதும் ஒத்துவரவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.