யீல்டு 10 சதவீதம் காட்டுகிறதா? விலை எங்கிருந்து இறங்கியது என்று பாருங்கள்

டிவிடெண்ட், அதாவது கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பங்குக்கு இவ்வளவு என்று கொடுக்கும் காசு, பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஒரு பங்குக்கு யீல்டு 10% காட்டுகிறது. டெபாசிட்டில் இவ்வளவு கிடைக்காதே, வாங்கலாமா?

பொறுங்கள். கடந்த 12 மாதத்தில் ஒரு பங்குக்குக் கொடுத்த டிவிடெண்டை இன்றைய விலையால் வகுத்தால் வருவதுதான் யீல்டு. விலை 200, டிவிடெண்ட் 8 என்றால் 4%. அதே பங்கு 80-க்கு விழுந்தால் அதே 8 இப்போது 10% ஆகிவிடும், கம்பெனி ஒரு காசுகூடக் கூட்டிக் கொடுக்கவில்லை. இந்த வகுத்தலில் மேலே இருக்கும் டிவிடெண்ட் போன வருடத்து எண், கீழே இருக்கும் விலை இன்றைய எண். அடுத்த முறை 8 வராது என்று சந்தை நினைப்பதால்தான் பெரும்பாலும் விலை அப்படி விழுந்திருக்கும். நானே ஒருமுறை 9 சதவீதத்தில் மயங்கி வாங்கினேன், மூன்றாவது மாதம் டிவிடெண்டையே நிறுத்திவிட்டார்கள். பெயர் வேண்டாம்.

கேள்வி: பழைய டிவிடெண்ட் பட்டியலை எப்படிப் படிப்பது?

தனித்தனி தேதிகளைப் பார்க்காமல் வருடவாரியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் சிறப்பு டிவிடெண்டை (வழக்கத்துக்கு மேல் ஒரு தடவை மட்டும் கொடுப்பது) தனியே எடுத்து வையுங்கள், இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2004-ல் ஒரே தடவையாகப் பங்குக்கு 3 டாலர் கொடுத்தது, அப்போது அதன் வழக்கமான காலாண்டு டிவிடெண்ட் 8 சென்ட்தான். அந்த 3 டாலரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் யீல்டு எங்கேயோ போய் நிற்கும், அடுத்த வருடம் அது வரவே வராது.

ஸ்ப்ளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது), போனஸ் (இருக்கும் பங்குக்கு இலவசமாகக் கூடுதல் பங்கு தருவது) நடந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பங்கு இரண்டான பிறகு 20 என்பது 10 ஆகியிருந்தால் அது குறைப்பு இல்லை. முகமதிப்பில் (சந்தை விலை அல்ல, பங்குக்குக் கம்பெனி குறித்து வைத்த அடிப்படை மதிப்பு) இத்தனை சதவீதம் என்று டிவிடெண்ட் அறிவிக்கும் வழக்கமும் உண்டு. முகமதிப்பு 2 என்றால் '500 சதவீதம்' என்பது வெறும் 10தான், விலை 1,000 என்றால் யீல்டு 1%. தலைப்பைப் பார்த்துத் துள்ள வேண்டாம்.

கேள்வி: பல வருடமாகக் குறைக்காத கம்பெனி என்றால் நம்பலாம்தானே?

ஓரளவுக்கு. எண்ணெய் கம்பெனியான ஷெல் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 2020 ஏப்ரலில்தான் முதல் முறையாகக் குறைத்தது, காலாண்டுக்கு 47 சென்ட் ஒரே அடியில் 16 ஆனது. அதனால் பட்டியலோடு பணவரவையும் பாருங்கள். பங்குக்கு லாபம் 10, டிவிடெண்ட் 9 என்றால் ஒரு மோசமான வருடம் வந்தால் போதும், குறைக்க வேண்டியதாகிவிடும். லாபம் காகிதத்தில் இருக்கலாம், ஆனால் டிவிடெண்டைக் கையிலிருக்கும் காசில்தான் கொடுக்க வேண்டும். ஜெனரல் எலெக்ட்ரிக் விஷயத்தில் தொழிலிலிருந்து வந்த காசு டிவிடெண்டுக்குப் போதவில்லை. 2017 நவம்பரில் 24 சென்டை 12 ஆக்கினார்கள், அடுத்த வருடம் 1 சென்ட் என்று அறிவித்தார்கள்.

கேள்வி: எக்ஸ் தேதிக்கு (அன்றோ அதற்குப் பிறகோ வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடைக்காது) முந்தின நாள் வாங்கி, டிவிடெண்ட் உறுதியானதும் விற்றால்?

எக்ஸ் தேதியன்று விலை ஏறக்குறைய அந்த டிவிடெண்ட் அளவுக்குக் குறைந்துதான் தொடங்கும். வரியும் தரகும் போனால் கையில் நிற்பது எதுவுமில்லை.

கேள்வி: நான் 100-க்கு வாங்கியது, இன்று டிவிடெண்ட் 6. தளம் 2% என்கிறது, எது சரி?

இரண்டும் சரி. இன்றைய விலை 300 என்பதால் அங்கே 2%. உங்கள் 6% மனசுக்கு இதமானது, ஆனால் வைத்திருப்பதா விற்பதா என்று முடிவெடுக்க உதவாது. இப்போது விற்றால் கையில் வருவது 300, அது வேறெங்கே எவ்வளவு தரும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: டிவிடெண்டே தராத கம்பெனி மோசமா?

இல்லை. லாபத்தைத் தொழிலிலேயே திரும்பப் போடலாம். முதலீட்டாளர் வாரன் பஃபெட் கைக்கு வந்த பிறகு பெர்க்‌ஷயர் ஹாத்வே ஒரே ஒரு தடவைதான் கொடுத்திருக்கிறது, 1967-ல், பங்குக்கு 10 சென்ட்.