பழைய ரோமின் தளபதி ஸ்கிப்பியோ எமிலியானஸ் எந்தக் குடும்பத்துப் பிள்ளை?

பிறப்பால், இன்னொரு தளபதியான எமிலியஸ் பவுலஸின் மகன். தத்துப்போனது ஸ்கிப்பியோ வீட்டுக்கு. ரோமப் பிரபுக்களிடையே தத்து என்பது, வாரிசில்லாத வீட்டின் பெயரும் சொத்தும் குலதெய்வ வழிபாடும் அற்றுப்போகாமல் காக்கும் ஏற்பாடு. மகன்கள் அதிகமுள்ள வீட்டுக்குச் சொத்து சிதறாது.

கல்யாணமாகி இனிஷியல் மாறினாலும் பிறந்த வீட்டு விசேஷத்துக்கு வந்துபோகும் பெண்ணைப்போல, பழைய உறவும் நீடித்தது. இங்கே உறவு இன்னும் நெருக்கம்: தத்தெடுத்தவர் சொந்த அத்தை மகன்! எமிலியானஸின் மனைவி செம்ப்ரோனியா அதே அத்தையின் பேத்தி. நிலச் சீர்திருத்தத்துக்குப் பேர்போன கிராக்கஸ் சகோதரர்களுடன் பிறந்தவள்.

பவுலஸ் பாடுதான் கொடுமை. மூத்தவர்கள் இருவரையும் தத்துக் கொடுத்தார், கி.மு. 167இல் அவருடைய வெற்றி ஊர்வலத்தையொட்டி, எஞ்சிய இரு சிறுவர்களும் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள்.

கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலை வென்ற ஸ்கிப்பியோ இந்த எமிலியானஸ் அல்ல; அவர் தத்துவழித் தாத்தா. இவர் கி.மு. 146இல், ரோமின் எதிரி நகரமான கார்த்தேஜை அழித்தவர்.